பெரிய ஃபிரேம் இல்லாமல் டபுள் காட் குவில்ட்டைக் கையால் தைப்பது எப்படி

டபுள் காட்டுக்கு ஒரு குவில்ட், அதாவது அடுக்கடுக்காகத் துணி வைத்துத் தைத்த போர்வை, அதுவும் முழுக்கக் கைத்தையலில் என்று முடிவு செய்துவிட்டு யூடியூபில் தேடினால், முதலில் வந்து மிரட்டுவது அந்தப் பெரிய மரச்சட்டம்தான். எட்டொன்பது அடி நீளத்தில் இரண்டு உருட்டுக் கட்டைகள், தாங்குவதற்குக் கால்கள், சுற்றிலும் நாற்காலி போட்டு நாலைந்து பேர். நம் ஃபிளாட்டில் அதைக் கொண்டுவந்து போட்டால் வீட்டில் இருப்பவர்கள் அதற்கு அடியில்தான் பாய் விரித்துப் படுக்க வேண்டும்.

அது வேண்டாம். ஃபிரேம் செய்வது ஒரே ஒரு வேலை: மேல்துணி, நடுவில் இருக்கும் பஞ்சு, அடித்துணி மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் பிடித்துக்கொள்வது. அந்தப் பிடிப்பை நூலாலேயே முன்கூட்டிப் போட்டுவிட்டால், அப்புறம் துணியை மடியில் போட்டு, சோபாவில் சாய்ந்தபடி, கரண்ட் போனால் வாசல் திண்ணையில் என எங்கே வேண்டுமானாலும் தைக்கலாம். வங்காளத்தில் காந்தா தைப்பவர்கள் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். பழைய புடவைகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களில் கனம் வைத்து, நாலு பக்கமும் தைத்து, நடுவிலும் சில வரிசை பெரிய ஓட்டுத்தையல் போட்டுவிடுவார்கள். அந்தக் கட்டம் தாண்டியதும் மடித்து வைத்துக்கொண்டு, வீட்டு வேலைக்கு நடுவில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் எடுத்துத் தைப்பார்கள். ஃபிரேம் என்ற பேச்சே இல்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி இடம் பேஸ்டிங் என்கிற தற்காலிகத் தையலுக்குத்தான் போகும். அதில் சோம்பல்பட்டால் பின்னால் எந்த ஊசியும், துணியைப் பிடிக்க மாட்டும் எந்த வளையமும் காப்பாற்றாது.

துணி, பஞ்சு

84க்கு 96 அங்குலம் என்று ஓர் அளவு வைத்துக்கொள்வோம். ஆறடிக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தொங்கும், போர்த்திக்கொள்ளவும் போதும். அடித்துணி எல்லாப் பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால் 92க்கு 104 தேவை. இதற்கு ஒரு நல்ல மெல்லிய காட்டன் புடவையே சரியாக வந்துவிடும். 5.5 மீட்டர் புடவையைக் குறுக்கே பாதியாக வெட்டினால் ஏறக்குறைய 108 அங்குலத்தில் இரண்டு துண்டுகள். புடவையின் அகலம் 47 அங்குலம் இருந்தால் இரண்டையும் பக்கவாட்டில் மூட்டும்போது 92, 93 அங்குலம் கிடைக்கும். ஆனால் துவைத்த பிறகு அளந்து பாருங்கள், புடவைக்குப் புடவை அகலம் மாறும். ஜரிகை பார்டர் இருந்தால் வெட்டிவிடுங்கள், ஊசி அதில் இறங்காது. அகலம் அப்போது குறைந்துபோகும், நடுவில் வேறு நிறத்தில் ஒரு பட்டி கொடுத்துச் சமாளிக்கலாம். பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும்.

எந்தத் துணி என்பதில் ஒரே ஒரு சோதனைதான். ஊசியில் நூல் கோத்து நாலு தையல் ஓட்டிப் பாருங்கள். வெண்ணெயாக இறங்கினால் எடுத்துக்கொள்ளுங்கள், விரல் வலித்தால் வேண்டாம். நெருக்கமாக நெய்த பாட்டிக் துணி, கெட்டியான செட்டிநாட்டுக் காட்டன், பெட்ஷீட்டாக விற்கும் அதிக த்ரெட் கவுண்ட் துணி இவையெல்லாம் மிஷினில் தைக்கச் சரி, கையால் இரண்டு மாதம் தைக்க முடியாது. பழைய மல்மல், நாலு வருடம் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன காட்டன் புடவை, வாயில் (voile) துணி, வேட்டி இவைதான் கைக்கு இதம். பட்டு வழுக்கும், முதல் குவில்ட்டுக்கு அதைத் தொடாதீர்கள்.

துணி எல்லாவற்றையும் முதலில் துவைத்துவிடுங்கள். காட்டன் சுருங்கும், அதைவிட முக்கியம் சாயம். சிவப்பு, மெரூன், நீலம் இந்த மூன்றையும் தனித்தனியாக வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மறுபடி அலசுங்கள், நாலு தண்ணீர் மாற்றியும் நிற்கவில்லை என்றால் அந்தத் துணியையே ஒதுக்கிவிடுவது நல்லது.

பஞ்சு விஷயத்தில் நம் ஊரில் நிறையப் பேர் செய்வது, மெத்தைக் கடையில் இலவம்பஞ்சு வாங்கிப் பரப்புவது. தலையணைக்கு அது அருமை, குவில்ட்டுக்கு ஆகாது. உதிரியாக இருக்கும் பஞ்சு, தையல்களுக்கு நடுவில் உருண்டு ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். ஷீட்டாக வரும் பேட்டிங்தான் வேண்டும். மெல்லிய காட்டன் பேட்டிங் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு: அடங்கிக் கிடக்கும், துணியோடு லேசாக ஒட்டிக்கொள்ளும், ஃபிரேம் இல்லாத வேலைக்கு இந்த ஒட்டுதல் பெரிய உதவி. தையல் கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் ஷீட் மலிவு, கனமில்லை, ஆனால் உப்பிக்கொண்டு நிற்கும், மூன்று அடுக்கும் சறுக்கும். அதையே வாங்குவதானால் இருப்பதிலேயே மெல்லியதாக வாங்குங்கள். சென்னை, மதுரை வெயிலுக்கு நான் சொல்வேன், பேட்டிங்கே வேண்டாம். நடுவில் ஒரு பழைய ஃபிளானல் போர்வையோ இரண்டு மடிப்பு வேட்டியோ வையுங்கள், ஃபேன் காற்றுக்குப் போர்த்த அது போதும், ஊசியும் சுலபமாக ஓடும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் வேண்டுமானால் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும்.

பேட்டிங் அகலம் போதவில்லை என்றால் இரண்டு ஷீட்டுகளின் விளிம்பை ஒன்றோடொன்று முட்டவைத்து, குறுக்கும் நெடுக்குமாக லூசாகத் தையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்தால் அந்த இடம் கடைசிவரை திட்டாகத் தெரியும்.

தையல் வரிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதைப் பேட்டிங் பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். எதுவும் போடவில்லை என்றால் 3 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

தரையில் விரிப்பது

ஹாலில் டீப்பாயை நகர்த்தி, தரையைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் ஃபேனை நிறுத்துங்கள். சிரிக்க வேண்டாம், ஃபேன் ஓடும்போது பெரிய துணியை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூட ஒருவர் இருந்தால் வேலை பாதியாகும்.

இரண்டடிக்கு இரண்டடி டைல் போட்ட தரை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். டைல்களின் இடைக்கோடுதான் உங்கள் ஸ்கேல். அடித்துணியை, நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, நடு மூட்டுத்தையலை ஒரு டைல் கோட்டின்மேல் நேராக வையுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் நீவி, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். முதலில் நாலு பக்கத்தின் நடுப்புள்ளிகள், பிறகு மூலைகள், பிறகு இடையில் அடிக்கொரு டேப். துணி சுருக்கமில்லாமல் கிடக்க வேண்டும், ஆனால் விறைப்பாக இழுத்து ஒட்டிவிடக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும், மேல்துணி மட்டும் அப்படியே நிற்கும், பின்பக்கமோ முன்பக்கமோ மடிப்பு விழும். கையை வைத்துத் தள்ளினால் துணி லேசாக நகர்ந்து திரும்ப வேண்டும், அந்த அளவுதான் சரி.

அதன்மேல் பேட்டிங். சுருட்டி வைத்திருந்த மடிப்பு தெரிந்தால் முந்தின நாள் ராத்திரியே பிரித்துப் போட்டுவிடுங்கள், தானாக அடங்கும். நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தட்டிப் பரப்புங்கள், இழுக்க வேண்டாம். கடைசியாக மேல்துணி. அயர்ன் செய்து, பின்னால் தொங்கும் நூல்களை வெட்டிவிட்டு விரியுங்கள். வெளிர் நிறத் துணிக்கு அடியில் ஒரு கறுப்பு நூல் மாட்டிக்கொண்டால் அது ஆயுசுக்கும் நிழலாகத் தெரியும். மேல்துணியின் நடுக்கோடும் அடித்துணியின் நடுக்கோடும் ஒன்றன்மேல் ஒன்று வருகிறதா என்று டைல் கோட்டை வைத்துப் பாருங்கள். நாலு மூலையிலும் ஒரு ஒரு அடி இடைவெளியிலும் குண்டூசியால் பிடித்துவிட்டால் தையலுக்குத் தயார்.

ஊக்கு போட்டாலே போதாதா என்று கேட்பீர்கள். மிஷினில் தைப்பவர்கள் ஊக்குதான் போடுவார்கள், தைக்கத் தைக்க எடுத்துவிடுவார்கள். நீங்கள் தைக்கப்போவது மாதக்கணக்கில். வளையம் ஊக்கின்மேல் உட்காராது, நூல் ஊக்கில் மாட்டும், மடியில் போட்டுத் தைக்கையில் குத்தும். எல்லாவற்றுக்கும் மேலே, கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சாதாரண ஊக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும், அந்தப் பழுப்புப் புள்ளி எந்த சோப்புக்கும் போகாது. நூல்தான் நம்பகமானது.

வெள்ளை அல்லது வெளிர் நிறக் காட்டன் நூல், மலிவானதே போதும். அடர்நிற நூல் வேண்டாம், அதன் சாயமும் தூசும் துணியில் தங்கும். நீளமான மெல்லிய ஊசி ஒன்று. நடுவிலிருந்து தொடங்கி ஓரம்வரை ஒரு வரி, மறுபடி நடுவிலிருந்து எதிர்ப்பக்கம் ஒரு வரி. ஒவ்வொரு தையலும் மேலே ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கலாம், அழகு பார்க்க வேண்டாம். வரிக்கும் வரிக்கும் நடுவில் நாலு விரல் அகலம், அதாவது ஏறக்குறைய 4 அங்குலத்துக்குள். நீளவாக்கில் முடித்ததும் அகலவாக்கில். மொத்தக் குவில்ட்டும் கட்டம் போட்ட நோட்டு மாதிரி ஆகிவிட வேண்டும். 6 அங்குலம் விட்டாலும் பரவாயில்லை என்று சொல்பவர்கள் ஃபிரேமில் தைப்பவர்கள். நமக்கு ஃபிரேமே இந்தக் கட்டங்கள்தான், அதனால் கஞ்சத்தனம் வேண்டாம்.

டைல் தரையில் ஊசி முனையை மேலே எடுப்பதுதான் சிரமம், நகம் போய்விடும். இடது கையில் ஒரு டீஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி வெளியே வர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஸ்பூனின் விளிம்பால் துணியை அழுத்தினால், முனை ஸ்பூனின் குழியில் ஏறித் தானாக மேலே வரும். ஒரே ஊசியில் ஏழெட்டுத் தையல் சேர்த்துக் கோத்து ஒரே இழுப்பாக இழுக்கலாம். பழகிவிட்டால் வேகம் நாலு மடங்கு.

எல்லாம் முடிந்ததும் டேப்பை எடுத்து, குவில்ட்டைப் புரட்டிப் பின்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது மடிப்பு தட்டுப்பட்டால் அந்தப் பகுதியின் நூலை மட்டும் பிரித்து நீவித் திரும்பப் போடுங்கள். இப்போது பத்து நிமிட வேலை, மூன்று அடுக்கையும் நிரந்தரமாகச் சேர்க்கும் குவில்டிங் தையல் போட்ட பிறகு என்றால் ஒரு நாள் வேலை. கடைசியாக, கூடுதலாக விட்ட அந்த 4 அங்குல அடித்துணியை முன்பக்கம் மடித்து, பஞ்சின் விளிம்பை மூடி ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால் தைத்து முடிப்பதற்குள் ஓரத்துப் பஞ்செல்லாம் பிய்ந்து வீடு முழுக்கப் பறக்கும்.

தரையில் குனிய முடியாதவர்களுக்கு

முட்டி வலி, இடுப்பு வலி உள்ளவர்கள் இதை டைனிங் டேபிளிலேயே செய்யலாம். மரக்கடையில் குவில்ட்டின் அகலத்தைவிடச் சற்று நீளமாக இரண்டு ரீப்பர் கட்டை வாங்குங்கள், பிசிறில்லாமல் இழைத்துத் தரச் சொல்லுங்கள். ஒன்றில் அடித்துணியை, இன்னொன்றில் மேல்துணியைத் தளர்வில்லாமல் நேராகச் சுற்றிவிடுங்கள். டேபிளின் அந்தப் பக்கத்தில் இரண்டு கட்டைகளையும் வைத்து, முதல் ஒன்றரை அடி துணியை மட்டும் பிரித்து, நடுவில் பேட்டிங்கை வைத்து, மூன்று விளிம்பையும் சேர்த்து நீவி, அந்தப் பகுதியை முழுக்கத் தற்காலிகத் தையல் போடுங்கள். முடிந்த பகுதி உங்கள் மடிப்பக்கம் இறங்கட்டும், அடுத்த ஒன்றரை அடியைப் பிரியுங்கள். இந்த முறையில் நடுவிலிருந்து வெளியே போகாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறோம், ஆனாலும் கட்டையில் சுற்றிய துணி தன் கனத்தாலேயே நேராக நிற்பதால் கோணல் வராது. ஊசி டேபிளைக் கீறும், பழைய பிளைவுட் அட்டையோ ஆயில் கிளாத்தோ விரித்துக்கொள்ளுங்கள்.

வளையமா, வெறும் மடியா

இரண்டும் சரி. மெல்லிய துணி, நடுவில் வேட்டி மட்டும் என்றால் வளையமே தேவையில்லை, காந்தாவைப்போல மடியில் போட்டு ஓட்டிக்கொண்டே போகலாம். பேட்டிங் வைத்திருந்தால் 14 முதல் 16 அங்குல மர வளையம் ஒன்று வாங்குங்கள். எம்பிராய்டரிக்கு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் மூன்று அடுக்கைப் பிடிக்காது, திருகு பிய்த்துக்கொண்டு வரும். மரத்தின் உயரம் முக்கால் அங்குலத்துக்கு மேல் இருக்கிறதா, திருகு நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். 18 அங்குலத்துக்குமேல் போனால் கை நடுவுக்கு எட்டாது.

எம்பிராய்டரி பழகியவர்கள் செய்யும் முதல் காரியம், வளையத்தைப் பறைபோல இறுக்குவது. குவில்டிங்குக்கு அது கூடாது. வளையத்தை மாட்டியதும் நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் துணி ஓர் அங்குலம் கீழே இறங்க வேண்டும், அந்தத் தளர்வு இருந்தால்தான் ஊசி மேலும் கீழும் ஆட முடியும். பின்பக்கமும் அதே தளர்வில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க மறக்காதீர்கள். ராத்திரி தைத்து முடித்து எழுந்திருக்கும்போது வளையத்தைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் தடம் விழும், அழுக்கும் அந்தக் கோட்டில்தான் சேரும்.

ஓரத்துக்கு வரும்போது வளையத்துக்குப் பிடிக்கத் துணி இருக்காது. பழைய துண்டு ஒன்றை ஓரத்தோடு சேர்த்துத் தற்காலிகமாகத் தைத்துவிட்டால் வளையம் பாதி குவில்ட்டிலும் பாதி துண்டிலும் உட்காரும்.

கையில் கொஞ்சம் வேலைத்திறன் இருப்பவர்கள் பிளம்பிங் கடையில் ஓர் அங்குல பிவிசி குழாயும் நாலு எல்போவும் வாங்கிச் சின்னதாக ஒரு செவ்வகம் செய்துகொள்ளலாம். அதே குழாயில் வெட்டிய துண்டுகளை நீளவாக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சீவி எடுத்துவிட்டால் மிச்சம் கிளிப். துணியைச் சட்டத்தின்மேல் போட்டு, கிளிப்பை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்க்காமல் துணி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தையல்

ஊசி: பிட்வீன்ஸ் என்று கேளுங்கள், குட்டையாக இருக்கும். 9ஆம் நம்பரில் தொடங்கலாம், நம்பர் கூடக்கூட ஊசி சின்னதாகும். நூல் முழுக்கக் காட்டனாக, கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். குவில்டிங் நூல் கிடைக்காத ஊரில் 40ஆம் நம்பர் காட்டன் நூலைத் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் முறுக்காது. அளவு ஒரு முழம். அதற்கு மேல் எடுத்தால் சிக்கலும் கூடும், துணிக்குள் போய்ப்போய் நூலும் நைந்துவிடும்.

வலது கை நடுவிரலில் விரல் கவசம் கட்டாயம். டைலர்கள் போடும் உலோகக் கவசத்தில் மேல்பக்கம் குழிகள் ஆழமாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள், ஊசியின் காது அந்தக் குழியில்தான் உட்காரப்போகிறது. இடது கை குவில்ட்டுக்கு அடியில் இருக்கும்.

முடிச்சைப் பின்பக்கம் விடும் பழக்கம் இங்கே கிடையாது. நூல் நுனியில் சின்ன முடிச்சு போட்டு, தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் ஊசியை இறக்கி, பஞ்சுக்குள்ளேயே ஓட்டி, தொடங்கும் புள்ளியில் மேலே எடுங்கள். நூலை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் 'டப்' என்று முடிச்சு மேல்துணியைத் தாண்டி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். முடிக்கும்போதும் இதே வித்தைதான்: துணிக்குக் கால் அங்குலம் மேலே நூலில் முடிச்சு, கடைசித் தையலின் இடத்திலேயே ஊசியை இறக்கிப் பஞ்சுக்குள் ஓட்டி, தள்ளி வெளியே எடுத்து, சுண்டி, வால் நூலை ஒட்ட வெட்டுவது.

இப்போது தையல். ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவிரல் கவசத்தால் அழுத்துங்கள். கீழே இருக்கும் விரலில் முனை முள் குத்துவதுபோல் தெரிந்த அந்தக் கணமே நிறுத்தி, ஊசியின் காதுப் பக்கத்தைத் துணியோடு படுக்கச் சாய்த்து, கீழ்விரலால் மேல்நோக்கித் தள்ளுங்கள். மேலே கட்டைவிரல் ஊசிக்கு முன்னால் துணியை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் அங்கே ஒரு சின்ன மேடு எழும்பி முனை வெளியே தலைகாட்டும். தலை தெரிந்ததும் மறுபடி ஊசியை நிமிர்த்தி இறக்குங்கள். இப்படி மூன்று நாலு தையல் ஊசியில் ஏறியதும் இழுங்கள். முதல் நாள் கை சொன்னபடி கேட்காது, இரண்டாவது வாரத்தில் விரல்கள் தாங்களே செய்யும். கீழ்விரல் நுனி புண்ணானால் ஒட்டுப் பிளாஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள், ரத்தப்பொட்டு துணியில் பட்டுவிட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரில் ஒற்றி எடுங்கள், வெந்நீர் கூடாது.

தையல் எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். கைதேர்ந்தவர்கள் ஓர் அங்குலத்துக்குப் பத்து தையல் போடுவார்கள். உங்களுக்கு ஐந்தாறு வந்தாலே போதும், ஆனால் எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். பெரிய குவில்ட்டைச் சீக்கிரம் முடிக்க விரும்பினால் 8ஆம் நம்பர் பேர்ல் காட்டன் என்ற தடித்த எம்பிராய்டரி நூலில் அங்குலத்துக்கு மூன்று நாலு என்று பெரிய தையலாகவே போடுங்கள், அதற்கு மட்டும் காது பெரிய எம்பிராய்டரி ஊசி வேண்டும். ஆங்கர் கம்பெனியின் நூல் உருண்டைகள் ஃபேன்சி ஸ்டோர்களிலேயே கிடைக்கும். தையலே டிசைனாகத் தெரியும், எனக்கு நம் பருத்திப் புடவைகளில் இந்தப் பெரிய தையல்தான் பிடித்திருக்கிறது.

கோடு வரைய டைலர் சாக் போதும், தேய்ந்துபோன குளியல் சோப்பின் காய்ந்த சில்லு அதைவிட நல்லது, அடர்நிறத் துணியில் மெல்லிசாக விழும், துவைத்தால் போய்விடும். அயர்ன் சூட்டில் மறையும் பேனாக்கள் வசதிதான், ஆனால் கடும் குளிரில் அந்தக் கோடு திரும்பி வரும். குவில்ட் கனடாவில் இருக்கும் அக்காவுக்குப் போகிறது என்றால் யோசியுங்கள். தண்ணீரில் கரையும் நீலப் பேனாவின் கோட்டை அலசி எடுக்கும் முன்பு அயர்ன் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், சூடு பட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? நடுவிலிருந்துதான். முதலில் நீளவாக்கில் ஒரு முழு வரி, அகலவாக்கில் ஒரு முழு வரி. குவில்ட் நாலு கால்பகுதிகளாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு பகுதியிலும் நடுவிலிருந்து வெளியே. எங்காவது துணி உப்பிக்கொண்டு வந்தால் அதை அப்படியே ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போகலாம். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் எல்லா உப்பலும் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். தற்காலிக நூலை, தைத்து முடித்த இடத்தில் மட்டும் வெட்டி எடுங்கள்.

கனம் இன்னொரு பிரச்சினை. இந்த அளவுக் குவில்ட் பஞ்சோடு சேர்ந்தால் இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அது தரைக்குத் தொங்கினால் ஒவ்வொரு தையலிலும் வளையத்தை இழுக்கும், தோள்பட்டை போய்விடும். சோபாவில் உட்கார்ந்து முன்னால் ஒரு ஸ்டூல், இடது பக்கம் ஒரு நாற்காலி போட்டு மொத்தக் குவில்ட்டையும் அவற்றின்மேல் ஏற்றிவிடுங்கள். வளையம் டேபிள் விளிம்பில் சாய்ந்திருந்தால் இன்னும் நல்லது. கத்திரி வெயில் நேரத்தில் இவ்வளவு துணியை மடியில் போட்டு உட்கார முடியாது. அந்த மாதங்களுக்கு, அடுத்துச் சொல்லும் முறை சரிப்படும்.

துண்டுதுண்டாகத் தைத்துச் சேர்ப்பது

84 அங்குல அகலத்தை 28 அங்குலத்தில் மூன்று நீளப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அடித்துணியும் பஞ்சும் வைத்துத் தைத்துவிட்டு, கடைசியில் மூட்டலாம். கையில் எப்போதும் மூன்றில் ஒரு பங்கு கனம்தான். ஒரே நிபந்தனை, மூட்டப்போகும் ஓரங்களில் ஓர் அங்குலத்துக்கு மேல் குவில்டிங் போடாமல் விட வேண்டும். மூட்டும்போது முதலில் இரண்டு மேல்துணிகளையும் நல்ல பக்கம் சேர்த்துத் தையுங்கள். பிறகு திருப்பிப் போட்டு, பஞ்சின் விளிம்புகள் சரியாக முட்டும்படி வெட்டி லூசாக இணையுங்கள். பிறகு ஒரு பக்கத்து அடித்துணியைத் தட்டையாக விரித்து, மறுபக்கத்தை கால் அங்குலம் மடித்து அதன்மேல் வைத்து, தெரியாத தையலாகக் கையால் தைத்துவிடுங்கள். விட்டுவைத்த இடத்தில் குவில்டிங்கை நிரப்பினால் மூட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பட்டைகள் தையலில் சற்றுச் சுருங்கும், மூன்றும் ஒரே அளவு சுருங்காது. அதனால் நீளத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாக வைத்துக் கடைசியில் வெட்டுங்கள்.

தற்காலிகத் தையலே இல்லாமல் ஒரு வழி

இதுவரை சொன்னதற்கெல்லாம் நேர் எதிராக, ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகும் ஒரு முறை நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கர்நாடகாவின் உத்தர கன்னடா மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியால், முண்ட்கோடு பகுதிகளில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், தைக்கும் குவில்ட்டுக்குக் கவந்தி என்று பெயர். அடித்துணியாக ஒரு பழைய புடவை. மேல்துணி என்று தனியாக ஒன்று தைத்து வைத்துக்கொள்வதில்லை. ஒரு மூலையில் ஒரு துண்டை ஓரம் மடித்து வைத்து, ஓட்டுத்தையலால் அடித்துணியோடு சேர்த்தே தைப்பார்கள். அது முடியும் இடத்தில் அடுத்த துண்டைச் சொருகி, தையலை நிறுத்தாமல் தொடர்வார்கள். இப்படியே நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடியும். துண்டுகளை ஒட்டுவதும் குவில்ட் செய்வதும் ஒரே தையலில் நடந்துவிடுகிறது. நாலு மூலையிலும் மடித்த துணியில் சின்ன முக்கோணம் வைப்பார்கள், அதற்குப் பூ என்று பெயர், அது இல்லாமல் கவந்தி முடிந்ததாகக் கணக்கில்லை.

இதில் ஏன் உப்பல் நடுவில் சேருவதில்லை என்றால், மேல்துணி முன்கூட்டியே ஒரே பரப்பாக இல்லை. ஒவ்வொரு துண்டும் வைக்கும்போதே நீவப்படுகிறது, மிச்சமிருந்தால் மடிப்புக்குள் போய்விடுகிறது. பஞ்சு வைக்காமல், புடவைத் துண்டுகளை மட்டும் வைத்துத் தைக்க நினைப்பவர்கள், தரையில் விரிக்க இடமே இல்லாதவர்கள் இதை முயன்று பாருங்கள். அடித்துணியின் ஓரத்தை முதலில் மடித்து, முதல் சுற்றுத் துண்டுகளின் மடித்த விளிம்பு அதோடு சரியாகப் பொருந்தும்படி தைத்தால் தனியாக ஓரப்பட்டி போடும் வேலையும் மிச்சம். தையல் வரிகள் அரை அங்குல இடைவெளியில் நெருக்கமாக இருக்க வேண்டும், நூல் கெட்டியாக இருக்கட்டும்.

ஓரப்பட்டியும் முதல் துவையலும்

மற்ற முறைகளில் தைத்தவர்கள், குவில்டிங் முடிந்ததும் மிச்சமிருக்கும் தற்காலிக நூலை உருவிவிட்டு, ஓரங்களை நேராக வெட்டி, இரண்டரை அங்குலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்துச் சுற்றிலும் தையுங்கள். 84க்கு 96 குவில்ட்டுக்கு மூலை மடிப்பும் சேர்த்து ஒன்பதரை மீட்டர் நீளத்துக்குப் பட்டி மூட்டினால் தாராளமாக வரும். முன்பக்கம் மிஷினில் அடித்து, பின்பக்கம் மடித்துக் கையால் ஹெம்மிங் செய்வதுதான் உறுதி.

முதல் துவையலுக்குக் குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் லிக்விட் சோப்பு, பெரிய டப். ஊறவைத்து அமுக்கி எடுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம், ஈரத்தில் அதன் கனம் முழுவதும் தையல்மேல் வரும். பழைய துண்டுகளுக்கு நடுவில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் பாதித் தண்ணீர் போய்விடும். மொட்டை மாடியில் ஒரே கொடியில் மடித்துத் தொங்கவிடாமல், இரண்டு மூன்று கொடிகளின்மேல் படுக்கையாகப் பரப்பி, நேர் வெயில் படாத பக்கம் காயவையுங்கள். காய்ந்ததும் லேசாகச் சுருங்கி, தையல் வரிகளுக்கு நடுவில் துணி மெத்தென்று எழும்பியிருக்கும், அதை அயர்ன் செய்யாதீர்கள்.